பூஞ்சை நோய்க்குத் தாவரச் சாறும் எண்ணெயும்: புதிதாகத் தொடங்குகிறவருக்கு

இலையில் ஒரு புள்ளியைப் பார்த்ததும் "பூண்டுச் சாறு தெளிக்கவா, வேப்பெண்ணெய் தெளிக்கவா" என்றுதான் பெரும்பாலும் முதலில் கேட்கிறார்கள். அது மூன்றாவதாக வர வேண்டிய கேள்வி. முதல் கேள்வி, வந்திருப்பது பூஞ்சைதானா. இரண்டாவது, அந்தப் பூஞ்சை இலைக்கு மேலே உட்கார்ந்திருக்கிறதா, உள்ளே போய்விட்டதா. இந்த இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் எதைத் தெளிப்பது என்பது பாதி முடிவான மாதிரிதான்.

தாவரப் பொருள்கள் பூஞ்சையைத் தடுக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பட்ட இடத்தில் மட்டும் வேலை செய்யும், சில நாள் மட்டுமே நிற்கும், இலைக்குள் ஊடுருவிப் போய்த் தேடிக் கொல்லாது. நோய் வருவதற்கு முன்போ, முதல் சில புள்ளிகள் தெரியும்போதோ தெளித்தால் பலன் கிடைக்கும். பாதிச் செடி காய்ந்தபிறகு தெளித்துவிட்டு "இயற்கை மருந்து வேலை செய்யாது" என்று சொல்வது அந்த மருந்துக்குச் செய்யும் அநியாயம்.

முதலில் நோயைப் பாருங்கள்

காலை நேரத்தில், பனி ஈரம் இருக்கும்போதே போய் இலையின் இரண்டு பக்கத்தையும் பாருங்கள். மேல்பக்கம் வெள்ளை மாவு தூவியது போல இருந்து, விரலால் தேய்த்தால் போய்விட்டால் அது சாம்பல் நோய். மேல்பக்கம் நரம்புகளுக்கு நடுவே கட்டம் கட்டமாக மஞ்சள் திட்டு, அதற்கு நேர் கீழே அடிப்பக்கத்தில் சாம்பல் அல்லது ஊதா நிறத்தில் மெல்லிய பஞ்சு இருந்தால் அடிச்சாம்பல் நோய். பழுப்புப் புள்ளிக்குள் வட்டம் வட்டமாக வளையம் தெரிந்தால் ஆல்டர்னேரியா வகைப் பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பாக்டீரியா நோயைப் பூஞ்சை என்று நினைத்துத் தெளிப்பது நிறைய நடக்கிறது. பாக்டீரியாப் புள்ளி பெரும்பாலும் எண்ணெய் பட்டது போல நீர்கோத்துத் தொடங்கும். செடி திடீரென்று வாடினால், தண்டை அடியில் வெட்டி, வெட்டிய நுனியைத் தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடிக் குவளையில் அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் போன்ற இழை வழிந்தால் அது பாக்டீரியா வாடல். இழை வராமல் தண்டின் உட்புறம் மட்டும் பழுப்பாக இருந்தால் ஃபியூசேரியம் போன்ற பூஞ்சை வாடலாக இருக்கலாம். ஆனால் அது வேர் வழியாக நுழைந்து தண்டுக் குழாய்க்குள் இருக்கிறது, இலைமேல் தெளிக்கும் எதுவும் அதைத் தொடாது.

இன்னும் குழப்பமாக இருந்தால் இலையை ஈரத் தாள் விரித்த மூடிய டப்பாவில் இரண்டு நாள் வையுங்கள். பூஞ்சையாக இருந்தால் பெரும்பாலும் புள்ளியின் விளிம்பில் நூலோ பொடியோ முளைத்துவிடும். சத்துக் குறைபாட்டுக்கு அப்படி எதுவும் முளைக்காது.

பூஞ்சை எங்கே இருக்கிறது?

சாம்பல் நோய்ப் பூஞ்சை தன் உடலின் பெரும்பகுதியை இலைக்கு வெளியேதான் வைத்திருக்கிறது. உறிஞ்சுவதற்கு மட்டும் மேல்தோல் செல்லுக்குள் சிறு உறுப்பை நுழைக்கும். அதனால்தான் எண்ணெய் வகைத் தெளிப்பு இந்த நோயில் மிக நன்றாக வேலை செய்கிறது, வந்தபின் தெளித்தாலும் ஓரளவு அடங்குகிறது. புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் கையில் எடுக்க வேண்டிய நோய் இதுதான் என்பேன். பலன் கண்ணுக்குத் தெரியும், தவறினாலும் செடி சீக்கிரம் செத்துப்போகாது.

அடிச்சாம்பல் இதற்கு நேர் எதிர். அது இலைக்குள்ளே பரவி, இலைத்துளை வழியாக வித்துகளை (நோயைப் பரப்பும் பொடி போன்ற நுண்விதைகளை) மட்டும் வெளியே நீட்டும். வெளியே எண்ணெய் பூசினால் புதிய வித்து முளைப்பதைக் குறைக்கலாம், உள்ளே இருப்பதை ஒன்றும் செய்ய முடியாது. இன்னொரு சங்கதியும் உண்டு. அடிச்சாம்பல், நாற்றழுகலை உண்டாக்கும் பித்தியம், உருளையிலும் தக்காளியிலும் பின்கருகலைக் கொண்டுவரும் பைட்டாப்தோரா இவையெல்லாம் உண்மையான பூஞ்சைகளே அல்ல, ஊமைசீட் என்ற வேறு குடும்பம். பூஞ்சையின் செல்சுவரில் கைட்டின் என்ற கெட்டியான பொருள் உண்டு, இவற்றில் முக்கியமாகச் செல்லுலோஸ். பூஞ்சைச் சவ்வில் எர்கோஸ்டிரால் என்ற ஸ்டிரால் வகைக் கொழுப்பு உண்டு, பித்தியமும் பைட்டாப்தோராவும் ஸ்டிராலைத் தானாகச் செய்துகொள்வதில்லை. ஸ்டிராலைப் பிடித்துச் சவ்வில் துளைபோடும் சப்போனின்கள் (செடிகளில் இருக்கும் நுரைக்கும் பொருள்கள்) இவற்றிடம் தோற்றுப்போவது இதனால்தான்.

எந்தப் பொருள், எப்படி வேலை செய்கிறது

செடியால் ஓட முடியாது, அதனால் வேதிப்பொருளால் சண்டை போடுகிறது. சில பொருள்களை எப்போதும் இருப்பில் வைத்திருக்கும். ஓட்ஸ் வேரில் இருக்கும் அவெனாசின் அப்படிப்பட்ட சப்போனின், கோதுமை வேரை அழிக்கும் ஒரு பூஞ்சையை அது ஓட்ஸை அண்டவிடாமல் வைத்திருக்கிறது. வேறு சில பொருள்கள் தாக்குதல் தொடங்கிய பிறகே தயாராகும், அவற்றுக்கு ஃபைட்டோஅலெக்சின் என்று பெயர். 1960ல் பட்டாணியிலிருந்து பிரித்தெடுத்த பிசாட்டின்தான் இந்த வகையில் முதலாவது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பட்டாணியைத் தாக்கிப் பழகிய பூஞ்சையிடம் பிசாட்டினை உடைக்கும் நொதி இருக்கிறது. தக்காளியில் வாடலைக் கொண்டுவரும் ஃபியூசேரியம், தக்காளியின் தற்காப்புப் பொருளான டொமாட்டினை உடைத்துவிடும். ஒரு வீட்டுப் பூட்டுக்குச் சாவி செய்து வைத்திருக்கும் திருடன் மாதிரி. அதனால் ஒரு செடியைக் காப்பாற்ற அதே செடியின் சாற்றைத் தேடாதீர்கள், உறவே இல்லாத வேறொரு செடியின் பொருளைக் கடன் வாங்குங்கள்.

பூண்டில் அல்லிசின். முழுப் பல்லில் அது கிடையாது, அல்லின் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் தனித்தனியாக இருக்கின்றன. நசுக்கினால் இரண்டும் கலந்து அல்லிசின் உண்டாகும். அது பூஞ்சைப் புரதங்களில் உள்ள கந்தகப் பகுதிகளைத் தாக்கி வேலையைக் கெடுக்கிறது. பூண்டை முதலில் வேகவைத்துவிட்டுப் பிறகு அரைத்தால் நொதி செத்துப்போகும், அல்லிசினும் வராது. பூண்டைக் கொதிக்கவைத்துச் செய்யச் சொல்லும் குறிப்புகளை நான் நம்பாததற்கு இதுதான் காரணம்.

ஓமத்திலும் தைம் செடியிலும் தைமால், கற்பூரவள்ளியிலும் ஆரிகானோவிலும் கார்வக்ரால், கிராம்பில் யூஜினால். மூன்றும் பீனால் வகை, பூஞ்சையின் செல்சவ்வுக்குள் புகுந்து அதை ஒழுகவிடும். லவங்கப்பட்டையில் சின்னமால்டிஹைடு, எலுமிச்சைப்புல்லில் சிட்ரால். நறுமண எண்ணெய் வாங்கும்போது உட்பொருள் அளவு போட்டிருக்கிறதா பாருங்கள். லவங்கப் பட்டை எண்ணெயில் சின்னமால்டிஹைடு அதிகம், அதே மரத்தின் இலை எண்ணெயில் யூஜினால் அதிகம். தைம் எண்ணெயிலும் செடிக்குச் செடி உட்பொருள் மாறும். பெயர் ஒன்று, பொருள் வேறு என்பது இங்கே சர்வசாதாரணம்.

வேப்பெண்ணெய் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வேம்பு என்றாலே அசாடிராக்டின் என்று நினைக்கிறோம், அது முக்கியமாகப் பூச்சிக்கானது. பூஞ்சைக்கு எதிராக எண்ணெய்ப் பகுதிதான் முன்னால் நிற்கிறது. இலைமேல் படலமாகப் படிந்து வித்து முளைப்பதைத் தடுக்கிறது. ஆகவே எண்ணெய் நீக்கிய அசாடிராக்டின் மருந்தைச் சாம்பல் நோய்க்கு வாங்குவது வீண்செலவு. வேப்பெண்ணெயால் தாவரப் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994ல் ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கும் அமெரிக்க வேளாண்மைத் துறைக்கும் காப்புரிமை கொடுத்தது. இது இந்திய விவசாயிகளுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம் என்று எதிர்ப்பு எழுந்து, 2000ல் அது ரத்தானது, மேல்முறையீடும் 2005ல் தள்ளுபடியானது. தலைமுறைகளாகக் கையில் இருந்த அறிவைப் புதுக் கண்டுபிடிப்பு என்று எழுதிக்கொண்டதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

இன்னொரு வகை இருக்கிறது, அது பூஞ்சையைக் கொல்வதைவிடச் செடியை உசுப்பிவிடும் வேலையைத்தான் அதிகம் செய்யும். ராட்சத நாட்வீட் என்ற செடியின் சாறும், கடற்பாசியிலிருந்து எடுக்கும் லாமினாரினும் அப்படி. தாக்குதல் வந்துவிட்டது என்று செடியை நினைக்கவைத்து அதன் சொந்தப் பாதுகாப்பைத் தட்டி எழுப்பும். நோய் வருவதற்குச் சில நாள் முன்பே தெளிக்க வேண்டும். இவை கடையில் தயாராகவே கிடைக்கும், வீட்டில் செய்ய முயல வேண்டாம்.

கலக்கும் முறை

கணக்கு எளிது. ஒரு லிட்டர் தண்ணீரில் 1 மில்லி என்றால் 0.1 சதவீதம். கீழே சொல்வதெல்லாம் தொடங்குவதற்கான அளவு, செடிக்குச் செடி தாங்கும் சக்தி மாறும்.

வேப்பெண்ணெய்: லிட்டருக்கு 5 மில்லி எண்ணெய், 1 முதல் 2 மில்லி திரவ சோப்பு. முதலில் எண்ணெயையும் சோப்பையும் நன்றாகக் கலக்குங்கள், அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் குலுக்குங்கள். பால் மாதிரி ஆக வேண்டும். மேலே எண்ணெய் மிதந்தால் தெளிக்காதீர்கள், அந்த எண்ணெய்த் துளி விழுகிற இடமெல்லாம் இலை கருகும். துணி துவைக்கும் டிடர்ஜென்ட் வேண்டாம். உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்து வேலை செய்யாது, மழைத் தண்ணீர் இருந்தால் அதையே எடுங்கள். குளிரில் வேப்பெண்ணெய் உறைந்திருந்தால் பாட்டிலை வெந்நீரில் சற்று நேரம் வைத்தால் இளகிவிடும்.

பூண்டு: 50 கிராம் பல்லை நன்றாக நசுக்கி, 10 நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள், அல்லிசின் உண்டாக அந்த நேரம் போதும். பிறகு ஒரு லிட்டர் பச்சைத்தண்ணீரில் கலக்கி, மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டி, சில சொட்டு சோப்பு விடுங்கள். வடிகட்டாவிட்டால் தெளிப்பான் முனை அடைத்துக்கொள்ளும். அன்றைக்கே தெளித்துவிடுங்கள், அல்லிசின் சீக்கிரம் சிதையும், வாரக்கணக்கில் வைத்த பூண்டுச் சாற்றில் வாசனைதான் மிச்சம்.

ஓம எண்ணெய், தைம் எண்ணெய் போன்றவை: லிட்டருக்கு அரை மில்லியில் தொடங்குங்கள், சோப்போடு கலக்கும் முறை அதேதான். 1 மில்லிக்கு மேல் போவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். கிராம்பு எண்ணெயைச் செறிவாகக் கலந்து களைக்கொல்லியாகவே பயன்படுத்துகிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் கை தானாகக் குறையும்.

வேப்பெண்ணெய், பூண்டு, கிராம்பு எல்லாவற்றையும் ஒரே வாளியில் கொட்டும் பழக்கம் வேண்டாம். எது வேலை செய்தது, எது இலையைக் கருக்கியது என்று கடைசிவரை தெரியாமலே போகும்.

தெளிப்பதற்கு முன் ஒரு சோதனை

ஒரு செடியில் இரண்டு மூன்று இலைகளில் மட்டும், கொழுந்தும் முற்றிய இலையும் சேர்த்து, தெளித்துவிட்டு இரண்டு நாள் பொறுங்கள். விளிம்பு பழுப்பாகாமல், புள்ளி விழாமல் இருந்தால் மேலே போகலாம்.

அடுத்த சோதனையைப் பலர் செய்வதில்லை, எனக்கு அதுதான் மிக முக்கியம். ஒரே மாதிரி செடிகளை மூன்று பிரிவாக்குங்கள். ஒன்றுக்கு வெறும் தண்ணீர், ஒன்றுக்குத் தண்ணீரும் சோப்பும், மூன்றாவதற்கு முழுக் கலவை. சோப்புக்கே சாம்பல் நோயின்மேல் கொஞ்சம் வேலை உண்டு, அதனால் நடுவில் அந்தப் பிரிவு இல்லாவிட்டால் எண்ணெய்க்குக் கொடுக்கும் பாராட்டு யாருக்குச் சேர வேண்டியது என்றே தெரியாது. வெறும் தண்ணீர்ப் பிரிவும் தேவை, ஏனென்றால் வெயில் மாறினால் நோய் தானாகவே குறைவதும் உண்டு. ஒவ்வொரு பிரிவிலும் சில இலைகளுக்கு நூல் கட்டி அடையாளம் வைத்து, வாரம் ஒருமுறை அதே இலையைப் படம் எடுத்து, எத்தனை பங்கு நோய் மூடியிருக்கிறது என்று எழுதிவையுங்கள்.

ஆய்வகத் தட்டில் 500 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 500 பங்கு) அளவில் பூஞ்சை அடங்கியது என்று படித்துவிட்டு அதே அளவில் அதே பலனைத் தோட்டத்தில் எதிர்பார்க்காதீர்கள். தட்டு மூடியிருக்கிறது, வெயில் இல்லை, காற்று இல்லை, மழை இல்லை, பூஞ்சை அந்தப் பொருளுக்குள்ளேயே வளர்கிறது. வயலில் தைமால் ஆவியாகிப் பறக்கும், புற ஊதாக் கதிரில் சிதையும், மழையில் கழுவப்படும். இதற்காகத்தான் கம்பெனிகள் உறையிடும் முறைக்குப் போகின்றன. யூஜினால், ஜெரானியால், தைமால் மூன்றையும் ஐரோப்பிய ஒன்றியம் 2013ல் பயிர்ப் பாதுகாப்புப் பொருள்களாக ஏற்றது. அவை சேர்ந்த ஒரு மருந்து, ஈஸ்ட் செல்சுவரால் ஆன நுண்ணிய உறைக்குள் அடைக்கப்பட்டு, திராட்சையில் போட்ரைடிஸ் என்ற பூஞ்சையால் வரும் அழுகலுக்கு எதிராகத் தெளிக்கப்படுகிறது. உறையிலிருந்து பொருள் மெல்ல மெல்லக் கசிவதால் கூடுதல் நாள் நிற்கிறது. வீட்டில் நம்மால் அந்த உறையைச் செய்ய முடியாது, அதற்குப் பதில் அடிக்கடி தெளிப்பதுதான் வழி.

தெளிக்கும் நாள்

முதலில் நோய் பிடித்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள், செடிக்கடியில் போடாதீர்கள். நெருக்கமாக இருந்தால் கிளையைக் கழித்துக் காற்றோட்டம் கொடுங்கள். தண்ணீரை வேரடியில் விடுங்கள், இலையில் அடிக்காதீர்கள். இதைச் செய்யாமல் தெளிக்கும் எந்த மருந்துக்கும் பாதி பலன்தான்.

நேரம் பற்றி இரண்டு பக்கமும் யோசிக்க வேண்டும். உச்சி வெயிலில் எண்ணெய் தெளித்தால் இலை கருகும், 30 டிகிரிக்கு மேல் போகும் நாளில் தெளிக்கவே வேண்டாம். இருட்டும் நேரத்தில் தெளித்தால் இலை இரவு முழுக்க ஈரமாக இருந்து பல பூஞ்சைகளுக்கு வசதியாகிவிடும். பனி காய்ந்த காலையோ, இருட்டுவதற்குள் இலை காய்ந்துவிடும் மாதிரி சாயங்காலமோ சரி. பூக்கும் செடியாக இருந்தால் தேனீக்கள் திரும்பிப் போனபிறகு தெளிப்பது நல்லது. மழை வரும் போலிருந்தால் தள்ளிப்போடுங்கள்.

அடிப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள், தெளிப்பான் முனையை மேல்நோக்கித் திருப்பி. மேல்பக்கத்தை யாரும் மறப்பதில்லை, அடிப்பக்கத்தை எல்லோரும் மறக்கிறார்கள். பட்ட இடத்தில் மட்டும் வேலை செய்யும் மருந்துக்கு விட்டுப்போன இடம் என்பது பூஞ்சைக்குத் திறந்த கதவுதான். கலவையை நடுநடுவே குலுக்கிக்கொண்டே இருங்கள். 7 நாளுக்கு ஒருமுறை மறுபடி தெளியுங்கள், வேகமாகத் துளிர்க்கும் காலத்தில் 5 நாள், ஏனென்றால் புதுத் துளிரில் மருந்தே இல்லை.

கந்தகம் தெளித்திருந்தால் எண்ணெய்க்கு இரண்டு வார இடைவெளி விடுங்கள், இரண்டும் சேர்ந்தால் இலை எரியும். மண்ணுக்கு டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கொடுத்திருந்தால் அதே வேரடியில் இந்தக் கலவைகளை ஊற்றாதீர்கள், அதுவும் பூஞ்சைதான், நல்லது கெட்டது என்று தைமாலுக்குத் தெரியாது.

கையுறை போடுங்கள், கண்ணை மூடிப் பாதுகாக்கும் கண்ணாடி அணியுங்கள். கிராம்பு, லவங்கப்பட்டை எண்ணெய்கள் செறிவாகப் பட்டால் தோலில் எரிச்சலும் ஒவ்வாமையும் வரும். தேயிலை மர எண்ணெய் பூனைக்கும் நாய்க்கும் நஞ்சு. செடியிலிருந்து வந்தது என்பதால் மட்டும் ஒரு பொருள் பத்திரமானது ஆகிவிடாது, நிக்கோட்டின், ரோட்டினோன் என்ற நஞ்சுகளும் செடியிலிருந்து வந்தவைதான். மிஞ்சிய கலவையைக் குளத்திலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள், வேப்பெண்ணெய் மீன்களுக்குக் கெடுதல். அன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் கலப்பதே நல்லது. விற்பனைக்குப் பயிர் செய்கிறவர், தான் இருக்கும் நாட்டில் அந்தப் பொருளுக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டே தொடங்க வேண்டும்.

பலனை எப்படிப் படிப்பது

பழைய புள்ளி மறையாது. காய்ந்த திசு மறுபடி பச்சையாகாது, அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். பார்க்க வேண்டியது புதிய இலைகளை. தெளித்தபின் வந்த துளிர் சுத்தமாக இருந்தால் வேலை நடக்கிறது, அதே அளவு, அதே இடைவெளியில் தொடருங்கள். இரண்டு மூன்று முறை ஒழுங்காகத் தெளித்தும் புதுத் துளிரிலும் நோய் ஏறினால் அளவைக் கூட்டாதீர்கள், மறுபடி முதல் கேள்விக்குப் போங்கள், நோய் வேறாக இருக்கலாம்.

பின்கருகல் என்று உறுதியானால் மட்டும் இந்த வழியில் நேரத்தைக் கழிக்காதீர்கள். ஈரமும் குளிர்ச்சியும் சேர்ந்தால் சில நாளில் ஒரு வயலையே முடித்துவிடும் நோய் அது. பிடித்த செடிகளை உடனே பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், மிச்சமுள்ள செடிகளுக்கு அந்த நோய்க்கென்றே அனுமதி பெற்ற மருந்தைப் பயிர் மருத்துவரிடம் கேட்டு அன்றைக்கே தெளியுங்கள்.